சிவப்பு நூல் கட்டிய பங்குக் குட்டி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு இலக்கம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியானவை. வயது ஐம்பத்து மூன்று. தொழில், நாய் வளர்த்துக் குட்டி விற்பது. பதினான்கு ஆண்டுகளாக வீட்டின் பின்பக்கம் கொட்டகை போட்டு இந்தத் தொழிலைச் செய்துவருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. இன்று காலை ஒன்பதரை மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, தபால்காரப் பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த வழக்கில் நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது என்று உதவி ஆய்வாளரிடம் கூறினேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும்படியும், சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றும் அவர் கூறினார். எனக்கு வாய் நீளம், ஒன்றைச் சொல்லப் போய் ஒன்பதைச் சொல்வேன் என்று வீட்டிலும் சொல்வார்கள். எழுத்தர் பொறுத்துக்கொள்ளவும்.

இதே வழக்கில் ஒன்பது நாட்களுக்கு முன் சம்பவ இடத்தில் சாட்சி என்ற முறையில் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதில் நான் சொன்ன எதுவும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டேன். அதற்காகத்தான் இப்போது வந்திருக்கிறேன்.

நான் வளர்ப்பது டால்மேஷன் வகை, வெள்ளை உடம்பில் கருப்புப் புள்ளிகள் உள்ள நாய். குட்டிகள் பிறக்கும்போது துவைத்துப் போட்ட துணிபோல வெள்ளையாக இருக்கும், இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். இந்த வகையில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது, அதை நானே முதலில் அடைத்துவிடுகிறேன்.

அடுத்து, பங்குக் குட்டி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் என் மேல் மூன்று புகார்கள் இருந்தன. ஒன்று குரைப்பு, ஒன்று நாற்றம், ஒன்று எங்கள் நாய் ஒருவருடைய செருப்பைத் தூக்கி வந்தது. கொட்டகையைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, இனிமேல் ஒவ்வொரு ஈற்றிலும் முதலில் பிறக்கும் குட்டி ஊருக்கான பங்கு, அதை விற்ற பணம் முழுவதும் சங்கத்தின் நற்பணிக்கு என்று அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு குரைப்பு யாருடைய காதிலும் விழவில்லை. தர்மசிந்தனை என்று ஊர் சொல்வதை நானும் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தேன், அது ஊரார் வாய்க்குப் போட்ட பூட்டு என்பது மறந்தே போனது.

பிறந்த மாத்திரத்தில் வெள்ளைக் குட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. அதனால் பிறக்கும் வரிசையில் கழுத்தில் ஒவ்வொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டுவேன். முதல் குட்டிக்குச் சிவப்பு. சிவப்பு நூல் என்றால் பங்குக் குட்டி. முதல் மூன்று ஈற்றுகளில் நான் இதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் பணத்தில் பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி வந்தது, பிறகு பூங்காவுக்கு விளக்குகள் வந்தன. அதன் பிறகு சங்கம் ஒரு நடைப் பயிற்சிக் கூடம் கட்டியது. பக்கவாதம் வந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் மறுபடி நடந்து பழகுவதற்கான இடம் அது. ஒரு பெரிய கண்ணாடி, சுவரில் கப்பிகள், நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு நீளமான கம்பிகள். கம்பிகள் என் பங்குக் குட்டிகளால் வந்தவை என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்.

நான்காவது ஈற்றில்தான் என் புத்தி கெட்டது. முதலில் பிறந்தது அந்த ஈற்றிலேயே சிறந்த ஆண் குட்டி. கண்காட்சிகளுக்கு நாய் கொண்டுபோகும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்குத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அன்று பிற்பகல் என் கணவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து அந்தக் குட்டியின் சிவப்பு நூலை அவிழ்த்து, இருப்பதிலேயே நோஞ்சான் குட்டியின் கழுத்தில் கட்டினேன். தாய் நாய் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சீமாட்டி. வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. அதன் பிறகு ஒவ்வொரு ஈற்றிலும் எந்தக் குட்டி விலைபோகாது என்று தோன்றுகிறதோ அதன் கழுத்துக்குச் சிவப்பு நூல் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு வசதி இருந்ததையும் நான் கண்டுகொண்டேன். மற்றக் குட்டிகளை வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், வாலைப் பார்ப்பார்கள், தாயைக் காட்டு, தகப்பனைக் காட்டு என்று உயிரை எடுப்பார்கள். பங்குக் குட்டி வாங்க வருகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறோம், அதில் போய்க் குற்றம் குறை பார்ப்பதா என்று கூச்சப்பட்டுக்கொண்டு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கூச்சத்தை நான் நான்கு ஈற்றுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

கடந்த ஆண்டு சீமாட்டியின் மகள் முதல் ஈற்றில் ஒன்பது குட்டிகள் போட்டது. அதில் ஏழாவது குட்டிக்கு நான் பச்சை நூல் கட்டியிருந்தேன். அதற்கு வலது கண்ணின் கீழே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. ஐந்து வாரம் ஆனதும் நாங்கள் காதுப் பரிசோதனை செய்வோம். ஒவ்வொரு குட்டியையும் தனி அறைக்குக் கொண்டுபோய், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று தட்டைக் கீழே போட வேண்டும். ஒன்றாகப் படுத்திருக்கும்போது தட்டைத் தட்டினால் பரிசோதனையே ஆகாது. ஏனென்றால் காது கேட்கிற குட்டி எழும்போது கேட்காத குட்டியை இடிக்கும், அதுவும் எழுந்துகொள்ளும். பார்ப்பதற்கு ஒன்பதும் எழுந்த மாதிரிதான் இருக்கும். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

இருந்தும் அந்த ஈற்றில் நான் ஒன்பதையும் பெட்டியில் வைத்தே தட்டைத் தட்டினேன். ஒன்பதும் எழுந்தன. எல்லாவற்றுக்கும் கேட்கிறது என்று அட்டையில் எழுதினேன். பச்சை நூல் குட்டி மற்றவற்றைக் கடிக்கும்போது அவை கத்தினாலும் விடுவதில்லை, குரைக்கும்போது தொண்டை கிழிகிற மாதிரி குரைக்கும் என்பதையெல்லாம் நான் அதற்கு முன்பே கவனித்திருந்தேன். சந்தேகம் இருந்ததால்தான் தனியாகப் பரிசோதிக்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மற்ற எட்டுக் குட்டிகளையும் என் கணவர் தடுப்பூசிக்குக் கொண்டுபோனார். பச்சை நூலுக்கு வயிறு சரியில்லை என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். அது பெட்டியில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனபோது என் கையிலிருந்த அலுமினியச் சட்டி தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான்கு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். பக்கத்துக் கூண்டில் சீமாட்டி துள்ளி எழுந்தது. குட்டி அசையவில்லை. செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் மூச்சுக்காற்று பட்டதும் கண்ணைத் திறந்து என் மூக்கை நக்கியது. இனிமேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

என் கணவர் திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் சட்டியை எடுத்துத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, "செயலாளர்கிட்ட சொல்லிடலாம். இதை நாமளே வச்சுக்கலாம்மா, ஒரு வாய் சோறு கூடுதலா போகும், அவ்வளவுதானே" என்றார். "சோறு பெரிசில்ல. ஒண்ணுக்குக் காது கேக்கலன்னு வெளிய தெரிஞ்சா இதுவரைக்கும் வாங்கினவங்க அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்க சும்மா இருங்க" என்று நான் சொன்னேன். அவர் சும்மா இருந்தார். முப்பது ஆண்டுகளாக நான் சும்மா இருக்கச் சொன்னால் இருப்பவர், அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அன்று மாலையே முதல் குட்டியின் சிவப்பு நூலை அவிழ்த்துப் பித்தான் குட்டிக்குக் கட்டினேன்.

அந்த ஆண்டின் பங்குக் குட்டியை நடைப் பயிற்சிக் கூடத்திலேயே வைத்துக் கொடுப்பது என்று சங்கச் செயலாளர் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே அதை வாங்க முன்வந்தவர் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயது அறுபத்து நான்கு. அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து, அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் நடந்து பழகினார். ஓட்டுநர் குட்டியின் பல்லையோ வாலையோ பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க வச்ச கம்பியிலதான் தங்கச்சி என் பெண்டாட்டி நடந்தா. இதுக்கு நான் பேரம் பேசினா நாக்கு அழுகிடும்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் புகைப்படமாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், வேண்டுமானால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். குட்டிக்கு அவர் பட்டன் என்று பெயர் வைத்தார்.

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குட்டி கூப்பிட்டால் வருவதில்லை, பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, தான் ஏதாவது தவறாக வளர்க்கிறேனா என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அது. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளவும். "இந்த வகையே பிடிவாதம் புடிச்சதுண்ணா. செல்லம் குடுத்தா தலைமேல ஏறி உக்காந்துக்கும். கூப்பிட்டு வரலைன்னா கையை ஓங்குங்க. அப்பவும் வரலைன்னா ஒண்ணு போடுங்க. நாலு நாள்ல வழிக்கு வந்துடும்" என்றேன். அவர் தனக்குக் கை ஓங்கிப் பழக்கமில்லை என்றார். பழகிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பேசினார். முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் எத்தனை முறை கூப்பிட்டாலும் அசைய மாட்டேன் என்கிறது, அழுத்தக்கார நாய் என்றார். விட்டுவிடாதீர்கள், தொடர்ந்து கண்டியுங்கள் என்றேன். அந்த நேரத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், உரிப்பதை நிறுத்தவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் அவர்கள் இருவரையும் எதிரில் பார்த்தேன். பட்டன் நன்றாக வளர்ந்திருந்தது, பளபளவென்று குளிப்பாட்டி வைத்திருந்தார். நான் வணக்கம் சொல்வதற்காகக் கையை உயர்த்தினேன். நாய் உடனே வயிறு தரையில் படும்படி படுத்து, காதைப் பின்னால் மடக்கி, கண்ணை மூடிக்கொண்டது. ஓட்டுநர் முகம் சுண்டிப்போய், அது அப்படித்தான், அடி வாங்கி வாங்கிப் பயந்துவிட்டது என்றார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதன் பிறகு அவர்கள் எதிரில் வந்தால் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன்.

சம்பவ நாளன்று காலை பத்து மணி அளவில் நான் நடைப் பயிற்சிக் கூடத்தின் வாசலில் நின்றிருந்தேன். பலகையில் எழுத்து மங்கிவிட்டது, புதிதாக எழுத வேண்டும், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று செயலாளர் வரச்சொல்லியிருந்தார். ஓட்டுநரின் மனைவி உள்ளே பயிற்சியில் இருந்தார். ஓட்டுநர் கூடத்தின் பக்கத்தில் வேலி போட்ட சிறு மைதானத்தில் நாயை வாரிலிருந்து அவிழ்த்துவிட்டு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். வேலிக் கதவை அவர் சாத்தியதை நான் பார்த்தேன். பிறகு உள்ளே வந்த யாரோ அதைத் திறந்தே விட்டிருக்க வேண்டும், அது யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டு கதவுக்கு வெளியே போனது. நாய் அதன் பின்னால் போனது.

அப்போது சாலையில் தபால்காரப் பெண் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் முதலில் அதைப் பார்த்துவிட்டு, நாயின் பெயரைச் சொல்லி நில் நில் என்று கத்தினார். முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் குரல், தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாய்க்கு அவர் பக்கம் முதுகு. அது நிதானமாகச் சாலையின் நடுவுக்குப் போய் அந்தப் பையை முகர்ந்தது. தபால்காரப் பெண் திடீரென்று பிரேக் போட்டார், வண்டி சறுக்கி விழுந்தது, கடிதங்கள் சாலை முழுவதும் சிதறின. அவருடைய வலது தொடை எலும்பு முறிந்ததாகப் பிறகு தெரிந்தது. நாய்க்கு அடி எதுவும் படவில்லை. கீழே விழுந்த பெண்ணின் பக்கத்தில் போய் அவர் முகத்தை முகர்ந்து பார்த்தது.

ஓட்டுநர் ஓடிவந்து முதலில் பெண்ணைத் தூக்க உதவினார். ஆம்புலன்ஸ் போன பிறகு நாயைப் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் கையால் அடித்தார். நான்கைந்து அடி. பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அது காது கேட்காத நாய் அண்ணா, அடிக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. பலகையில் என் பெயர் இருந்தது, கூட்டம் அதன் கீழேதான் நின்றிருந்தது.

அதன் பிறகு காவலர் வந்து விசாரித்தபோது, இந்த நாயை வளர்த்துக் கொடுத்தவர் என்ற முறையில் என்னிடம் கேட்டார். அடங்காத நாய், உரிமையாளர் அதை வாரிலிருந்து அவிழ்த்திருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அதை எழுதி வாங்கிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநர் மறுக்கவில்லை. "ஆமா சார், தங்கச்சி சொல்றது சரி. அடங்காததுன்னு தெரிஞ்சும் அவுத்து விட்டது என் தப்பு" என்றார்.

அதன் பிறகு ஒன்பது நாட்கள் நான் கொட்டகையைக் கழுவினேன், சோறு வைத்தேன், வந்தவர்களிடம் குட்டிகளைக் காட்டினேன். மருத்துவமனைக்குப் போய்த் தபால்காரப் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவரும் அந்தக் கம்பிகளைப் பிடித்துத்தான் நடந்து பழக வேண்டும் என்று அவருடைய அம்மா சொன்னார். நீங்கள் செய்த புண்ணியம், பக்கத்திலேயே கூடம் இருக்கிறது என்றும் சொன்னார். வாங்கிப் போயிருந்த பழங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மாலை சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். ஓட்டுநர் நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடச் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், நாளை மறுநாள் காலை வந்து கொண்டுபோவார்கள் என்றும் சொன்னார். "இத்தனை கண்டிச்சும் திருந்தலைன்னா இது இன்னொருத்தர் உயிரை எடுத்துடும்னு சொல்லி அழறாருக்கா. அடிச்சு அடிச்சு கையே வலிக்குதுன்றாரு" என்றார். அவர் போன பிறகு என் கணவர் எழுந்து போய்க் கொட்டகையிலிருந்து அந்த அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எதுவும் பேசவில்லை. நான் சும்மா இருங்கள் என்று சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை. இன்று காலை அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டுதான் நிலையத்துக்கு வந்தேன், அது இப்போது மேசை மேல் இருக்கிறது.

இதை எழுதத் தொடங்கும் முன், நான் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்ட உதவி ஆய்வாளர், சொன்னால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும் என்றார். ஓட்டுநருக்குத் தகவல் சொல்லி நாயுடன் வரவழைத்தார். பதினொரு மணிக்கு நிலையத்தின் பின்பக்க முற்றத்தில் உதவி ஆய்வாளர், எழுத்தர், இரண்டு காவலர்கள், ஓட்டுநர் ஆகியோர் முன்னிலையில் பரிசோதனை நடந்தது. எதற்காக என்று ஓட்டுநருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடங்காத நாயை மீண்டும் ஒருமுறை பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சொல்லுங்க சார் என்று ஒரு ஓரமாக நின்றார். நாயை நடுவில் விட்டார்கள். அது ஒரு காவலரின் காலணியை முகர்ந்துகொண்டிருந்தபோது, பின்னால் பத்தடி தூரத்தில் நின்று நான் சட்டியைத் தலை உயரத்திலிருந்து தரையில் போட்டேன்.

சத்தத்தில் சுவரில் இருந்த புறாக்கள் பறந்தன. எழுத்தர் கையிலிருந்த பேனா விழுந்தது. உள்ளே யாரோ என்ன அது என்று கேட்டார்கள். நாய் காலணியை முகர்ந்துகொண்டே இருந்தது. உதவி ஆய்வாளர் மறுபடியும் போடச் சொன்னார், போட்டேன். மூன்றாவது முறை அவரே வாங்கிப் போட்டார். நாய் ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

ஓட்டுநர் சட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார். "பொறந்ததுலேருந்தேவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உனக்குத் தெரியுமா தங்கச்சி?" என்றார். தெரியும் என்றேன். என்னைத் திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அப்படிச் செய்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. "பத்து மாசமா அடிச்சேனே. எதுக்கு அடிக்கிறேன்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்று மட்டும் சொன்னார். அடிக்கச் சொன்னது நான் என்பதை உதவி ஆய்வாளரிடம் அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, இதைக் கூப்பிட வேறு வழி உண்டா என்று ஓட்டுநர் என்னிடம் கேட்டார். உண்டு என்றேன். காலால் தரையை ஓங்கி மிதித்தால், லேசான சட்டியில் வராத அதிர்வு வரும், அதில் திரும்பிப் பார்க்கும், பார்த்ததும் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி நம் பக்கம் அசைத்தால் வரும், காது கேட்காத குட்டிகளை அப்படித்தான் பழக்குவார்கள், பத்து நாளில் பிடித்துக்கொள்ளும் என்றேன். முதல் நாளிலிருந்தே இந்தப் பத்து நாள் பாடம் எனக்குத் தெரியும். ஓட்டுநர் முற்றத்தின் மறுகோடிக்குப் போய் நின்று காலால் ஓங்கி மிதித்தார். நாய் உடனே திரும்பிப் பார்த்தது. அவர் கையை உயர்த்தினார்.

நாய் வயிறு தரையில் படும்படி படுத்து, காதை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டது. சிறுநீர் கழித்துவிட்டது.

ஓட்டுநர் கையை இறக்கிக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். நான் இந்த வாக்குமூலத்தைச் சொல்லத் தொடங்கியபோது அப்படி உட்கார்ந்தவர், சன்னல் வழியாகப் பார்த்தால் இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். நாய் கண்ணைத் திறந்திருக்கிறது. கிட்டே போகவில்லை.

நாயைக் கொல்லச் சம்மதித்து எழுதிய தாளைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்லிவிட்டார் என்று உதவி ஆய்வாளர் என்னிடம் கூறினார். வழக்கில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றும் கூறினார். என் பொறுப்பில் ஒரு துளியும் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் கொட்டகையிலிருந்து இதற்கு முன் சிவப்பு நூலோடு போன மற்ற மூன்று குட்டிகளையும் அவற்றின் வீடுகளுக்குப் போய் இதே சட்டியோடு பார்க்க வேண்டும், அதற்கு ஒரு காவலரை உடன் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். கூடத்தின் வாசலில் இருக்கும் பலகைக்குப் புதிதாக எழுத்து எழுத வேண்டாம் என்று செயலாளருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மேலே உள்ள எல்லாவற்றையும் எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு சொல் விடாமல் கேட்டேன். சொன்னது நான், நடந்ததும் இப்படித்தான். முதலில் கொடுத்த வாக்குமூலத்தோடு இதையும் சேர்த்து வைக்கவும்.

(கையொப்பம்)
நாய் வளர்ப்பவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. பிற்பகல் ஒன்று நாற்பது.
உதவி ஆய்வாளர்